காணாமல் போன அரை கிளாஸ் மெழுகு

அச்சில் மெழுகு வார்த்துப் பார்த்த எல்லோரும் ஒருமுறையாவது கேட்டுக்கொண்ட கேள்விதான் இது. ராத்திரி, அச்சின் விளிம்பைத் தொடும்வரை உருகிய மெழுகை ஊற்றிவிட்டுப் படுக்கிறோம். அச்சு ஒழுகவில்லை, தரையில் ஒரு சொட்டு இல்லை. காலையில் எழுந்து பார்த்தால் திரியைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம். சில சமயம் மேலே சமமாகத்தான் இருக்கும். கத்தியால் குறுக்கே வெட்டினால் உள்ளே ஒரு பொந்து தெரியும். ஊற்றிய மெழுகில் ஒரு பங்கு எங்கே போயிற்று?

ஆவியாகிப் போயிருக்குமோ என்று தோன்றும். தராசில் வைத்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். ஊற்றியபோது எத்தனை கிராமோ, காலையிலும் அத்தனை கிராம்தான். பொருள் குறையவில்லை, அது அடைத்துக்கொண்டிருந்த இடம் குறைந்திருக்கிறது.

மெழுகுவர்த்தி பக்கமே போகாதவர்களுக்கும் இந்தப் பள்ளம் புதிதல்ல. மார்கழி விடியற்காலையில் தேங்காய் எண்ணெய் டப்பாவைத் திறந்து பாருங்கள். வெள்ளையாக உறைந்து கிடக்கும் எண்ணெயின் நடுவில் ஒரு குழிவு இருக்கும். நெய் ஜாடியிலும் அதே குழிவு. மூன்றுக்கும் காரணம் ஒன்றே. மெழுகில்தான் அது பெரிதாகத் தெரிகிறது. நம் வேலையையும் கெடுக்கிறது. வேலையைக் கெடுக்கும் அதே குணம் இல்லாவிட்டால் அச்சிலிருந்து வர்த்தி வெளியே வராது என்பதுதான் வேடிக்கை. அந்த இடத்துக்குப் பிறகு வருவோம்.

அடுப்பில் வைக்கும் முன்

கடையில் ‘கேண்டில் வேக்ஸ்’ என்று கேட்டால் வெள்ளைப் பாளமாகவோ குருணையாகவோ கொடுப்பது பாரஃபின் மெழுகு. கச்சா எண்ணெயிலிருந்து மசகு எண்ணெய் பிரிக்கும்போது கூடவே கிடைப்பது. 1901-ல் தொடங்கிய அசாமின் டிக்பாய் சுத்திகரிப்பு ஆலை மெழுகுக்குப் பேர்போனது. சென்னையில் மணலி ஆலையிலும் எடுக்கிறார்கள்.

பாரஃபின் என்பது ஒரே பொருள் அல்ல. கார்பன் அணுக்கள் 20 முதல் 40 வரை வரிசையாகக் கோத்த நீளமான மூலக்கூறுகளின் கலவை. குட்டைச் சங்கிலி சீக்கிரம் உருகும், நெட்டைச் சங்கிலி தாமதமாக உருகும். அதனால் பனிக்கட்டிபோல ‘இந்தப் பாகையில் டக்கென்று உருகும்’ என்று மெழுகுக்குச் சொல்ல முடியாது. முதலில் தளர்ந்து, குழைந்து, பிறகு திரவமாகும். ரகத்தைப் பொறுத்து 46 முதல் 68 பாகை செல்சியஸுக்குள் இது நடந்து முடியும்.

உருக்குவதற்கு ஒரே வழி, பாத்திரத்துக்குள் பாத்திரம். வெளிப் பாத்திரத்தில் தண்ணீர், உள்ளே மெழுகு. திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 100 பாகையைத் தாண்டாது. ஆகவே மெழுகும் தாண்டாது. தெர்மாமீட்டரே இல்லாவிட்டாலும் தண்ணீர் காவல் காக்கும். நேராக அடுப்பில் வைத்தால் அந்தக் காவல் போய்விடுகிறது. 200 பாகைக்கு மேல் போன மெழுகிலிருந்து எழும் ஆவி, தீ பட்டதும் குப்பென்று பிடித்துக்கொள்ளும். அப்போது பதறிப்போய் தண்ணீர் ஊற்றுவதுதான் செய்யக்கூடாத காரியம். தண்ணீர் மெழுகுக்கு அடியில் போய், நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகைக் கூரைவரை வீசும். அடுப்பை அணைத்துவிட்டு ஒரு தட்டால் மூடவேண்டும், அவ்வளவுதான். குழந்தைகள் பக்கத்தில் நிற்க, எல்லோரும் சேர்ந்து செய்யும் வேலை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர்தான் விதிவிலக்கு

உறையும்போது பொருள் விரியும் என்று நம்மில் பலர் மனசுக்குள் வைத்திருக்கிறோம். காரணம், நாம் அடிக்கடி பார்க்கும் உறைதல் தண்ணீருடையது. ஃப்ரீஸரில் மறந்துபோன கண்ணாடி பாட்டில் வெடிப்பதும், ஐஸ் கட்டி சர்பத்தில் மிதப்பதும் தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருப்பதால்தான். உலகத்தில் பெரும்பாலான பொருள்கள் அப்படி இல்லை. உறையும்போது சுருங்குகின்றன.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். மெழுகு முழுக்க உருகியதும் ஒரு சின்னத் துண்டு கெட்டி மெழுகை அதில் போடுங்கள். தட்டாமல் அடியில் போய் உட்காரும். தண்ணீரில் ஐஸ் மேலே. மெழுகில் மெழுகு கீழே. கெட்டி மெழுகு அதே கன அளவுள்ள உருகிய மெழுகைவிடக் கனமானது என்பதற்கு இதைவிட எளிய சாட்சி கிடையாது.

ஏன் சுருங்குகிறது? ஈர்க்குச்சிகளைத் தரையில் கொட்டினால் ஆளுக்கொரு திசையில் கிடந்து முற்றத்தையே அடைத்துக்கொள்கின்றன. அதையே சீராக அடுக்கிக் கட்டினால் கைப்பிடிக்குள் அடங்கும் விளக்குமாறு. பாரஃபின் சங்கிலிகளும் அப்படித்தான். உருகிய நிலையில் வளைந்து, நெளிந்து, உதறிக்கொண்டே இருக்கும். நடுவில் வெற்றிடம் நிறைய. வெப்பம் தணியத் தணிய நிமிர்ந்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நெருங்கிப் படிகமாக அடுக்கப்படுகின்றன.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. உறைந்த உடனே அடுக்கு முழுமையாவதில்லை. கெட்டியான பிறகும் ஒவ்வொரு சங்கிலியும் நின்ற இடத்திலேயே தன் அச்சில் புரண்டுகொண்டிருக்கும். இன்னும் சில பாகைகள் குளிர்ந்த பிறகுதான் அந்தப் புரளலும் நின்று, நெருக்கம் இன்னும் கூடும். தொட்டால் கையில் ஒட்டாத, ஆனால் நகம் பதியும் வெதுவெதுப்பான மெழுகைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த இடைநிலை. ‘உறைந்துவிட்டதே, இனி என்ன சுருக்கம்’ என்று நினைத்து அவசரப்படுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஒரு வர்த்தியின் கணக்கு

காணாமல் போனது எவ்வளவு என்று கையில் பிடித்துப் பார்க்கலாம். உருளை வடிவ அச்சு ஒன்றை எடுத்துக்கொள்வோம். குறுக்களவு 7 செ.மீ., உயரம் 10 செ.மீ. கணக்குப் போட வேண்டாம் என்றால் தண்ணீர் நிரப்பி அளவு ஜாடியில் ஊற்றிப் பாருங்கள். 385 மில்லி பிடிக்கும். (அளந்த பிறகு அச்சை நன்றாகத் துடைத்துக் காயவைக்கவேண்டும். மிஞ்சிய ஒரு துளித் தண்ணீர் வர்த்தியின் முகத்தில் அம்மைத் தழும்பு போட்டுவிடும்.)

80 பாகையில் உருகி நிற்கும் பாரஃபின் ஒரு மில்லிக்குச் சுமார் 0.77 கிராம். அச்சை விளிம்பு வரை நிரப்பினால் உள்ளே போவது 296 கிராம். நம் ஊர் அறைவெப்பத்துக்கு வந்தபின் அதே மெழுகு மில்லிக்குச் சுமார் 0.90 கிராம். அந்த 296 கிராமுக்கு இப்போது தேவைப்படும் இடம் 329 மில்லிதான்.

385-ல் 329 போக, மீதி 56 மில்லி. டீக்கடை கிளாஸில் அரை கிளாஸுக்குச் சற்று மேல். ஊற்றியதில் ஏழில் ஒரு பங்கு இடம் மாயமாகியிருக்கிறது. ‘கொஞ்சம் சுருங்கும்’ என்று பேச்சுவாக்கில் சொல்வதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! மெழுகின் ரகத்தைப் பொறுத்து இந்த எண்கள் கொஞ்சம் ஏறும், இறங்கும். ஆனால் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கிலிருந்தே கடையில் எவ்வளவு மெழுகு வாங்கவேண்டும் என்பதும் கிடைத்துவிடுகிறது. முழுசாக நிறைந்த வர்த்தி வேண்டுமென்றால் 385 மில்லி இடத்தையும் கெட்டி மெழுகு அடைக்கவேண்டும். 385-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 346 கிராம். முதல் முறை அச்சுக்குள் போவது 296. மீதி 50 கிராமைப் பாத்திரத்திலேயே வைத்திருக்கவேண்டும். அது எதற்கு என்று பார்க்கலாம்.

பள்ளம் ஏன் நடுவில் விழுகிறது?

56 மில்லி குறைவது சரி. அது ஏன் சீராக எல்லாப் பக்கமும் குறையாமல் நடுவிலேயே குழி பறிக்கிறது?

மெழுகு எங்கிருந்து குளிர்கிறது என்பதில் பதில் இருக்கிறது. வெப்பம் வெளியேற வேண்டுமானால் அச்சின் சுவர் வழியாகவோ மேற்பரப்பு வழியாகவோதான் போகமுடியும். அதனால் சுவரை ஒட்டிய மெழுகு முதலில் உறைகிறது. உறைந்ததும் அதுவே ஒரு போர்வையாகிவிடுகிறது. மெழுகு வெப்பத்தைக் கடத்துவதில் மகா மோசம். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்குதான் கடத்தும். உள்ளே இருக்கும் சூடு இந்தப் போர்வையைத் தாண்டி மெதுமெதுவாக வரவேண்டும். வெளியிலிருந்து உள்நோக்கி ஓடு தடித்துக்கொண்டே போகும்.

போதாததற்கு, உறைகிற மெழுகே வெப்பத்தை வெளிவிடுகிறது. உருகும்போது விழுங்கிய வெப்பத்தை உறையும்போது திருப்பிக் கொடுத்தாகவேண்டும். பள்ளிக்கூடத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்தோமே, அதுதான். ஒரு கிராம் மெழுகுக்குச் சுமார் 200 ஜூல். நம் வர்த்தியின் 296 கிராமுக்குக் கூட்டினால், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரை, அதாவது 200 மில்லியை, அறைவெப்பத்திலிருந்து கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம். இது உறைதலுக்கு மட்டும். அது அத்தனையும் சுவர் வழியே கசிந்து போனால்தான் நடு உறையும். தடிமனான வர்த்தி இரவு முழுக்க அடம்பிடிப்பதில் ஆச்சரியமில்லை. குறுக்களவை இரண்டு மடங்காக்கினால் காத்திருக்கும் நேரம் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை. நான்கு மடங்கை நோக்கிப் போகும்.

ஊற்றி ஒரு மணி நேரம் ஆனபின் அச்சைக் கிட்டத்தில் பாருங்கள். சுவரோரம் பால் வெள்ளையாக ஒரு வளையம் இருக்கும். அதற்கு உள்ளே கண்ணாடிபோலத் தெளிந்த குளம். வளையம் அகலமாகிக்கொண்டே வரும். குளத்தின் மட்டம் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிக்கொண்டே போகும். ஓரத்தில் உறைகிற மெழுகு தனக்குக் குறைகிற இடத்தை உள்ளேயிருக்கும் திரவத்தை இழுத்து நிரப்பிக்கொள்கிறது. அந்தக் கடனைக் கடைசியாகத் தலையில் ஏற்றுக்கொள்வது கடைசியாக உறையும் பகுதி. அது நடு. திரிக்குப் பக்கத்து மெழுகு உறையும் நேரத்தில் அதற்குக் கொடுக்க யாரிடமும் திரவம் மிச்சமில்லை.

மேற்பரப்பு திறந்தே இருந்தால் பள்ளம் வெளிப்படையாக விழும். ஆனால் காற்று பட்டு மேலேயும் ஆடை கட்டிவிட்டால்? பாலாடை மாதிரி மெல்லியதாக இருக்கும்வரை அது உள்ளே வளைந்து கொடுக்கும். தடித்த பிறகு வளையாது. உள்ளே திரவம் சுருங்க, மூடி அசையாமல் நிற்க, நடுவே வெற்றிடம் உருவாகிறது. நேர்த்தியான தட்டையான மேற்பரப்பு, உள்ளே பொந்து. இதுதான் மோசமான வகை. இந்த வர்த்தியை ஏற்றினால் பாதி வரை ஒழுங்காக எரியும். சுடர் பொந்தின் கூரையை உருக்கிய கணத்தில் மேலே தேங்கியிருந்த மெழுகு முழுவதும் சடாரென்று உள்ளே இறங்கிவிடும். மொட்டையாக நிற்கும் திரி ஒரு முறை உயரமாகக் கொழுந்துவிட்டு, எரிபொருள் இல்லாமல் கருகும்.

குத்திவிடுவதும் மறுபடி ஊற்றுவதும்

சுருக்கத்தை நிறுத்த யாராலும் முடியாது. பள்ளம் எங்கே விழவேண்டும், எப்போது விழவேண்டும், அதை எதை வைத்து நிரப்பவேண்டும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். மெழுகு வார்ப்பவரின் கைத்திறன் பெரும்பாலும் இதுதான்.

மேலே ஆடை கட்டியதும் ஒரு மெல்லிய குச்சியை எடுத்துத் திரிக்குப் பக்கத்தில் மூன்று நான்கு இடங்களில் ஆழமாகக் குத்தவேண்டும். அச்சின் அடியைத் தொடாமல், ஒரு விரற்கடை மேலேயே நிறுத்திக்கொள்ளவேண்டும். உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் பொந்துக்கு இது வாசல். காற்று உள்ளே போவதால் வெற்றிடத்தின் இழுப்பு தணிகிறது. வர்த்தியின் பக்கவாட்டு உள்வாங்கி நெளியாது. ஆடை மறுபடி மூடிக்கொள்ளும், மறுபடி குத்தவேண்டும்.

பிறகு அந்த 50 கிராம். வர்த்தி கெட்டிப்பட்டு, ஆனால் இன்னும் கைக்குச் சூடாக இருக்கும்போது, முதல் முறையைவிட நாலைந்து பாகை கூடுதலாகச் சூடாக்கி, பள்ளத்தில் ஊற்றவேண்டும். கூடுதல் சூடு ஏன்? பள்ளத்தின் சுவரைக் கொஞ்சம் உருக்கிக்கொண்டு கலந்தால்தான் பழசும் புதுசும் ஒன்றாகும். இல்லாவிட்டால் பல்லில் அடைத்த சிமெண்டுபோல ஒருநாள் தனியே பெயர்ந்து வரும். இந்த இரண்டாவது ஊற்றும் சுருங்கும். அதன் பள்ளம் சிறியது. வேண்டுமானால் மூன்றாவது முறை ஒரு கரண்டி விடலாம். நான் விடமாட்டேன். காரணம் கீழே வருகிறது.

ஒரே எச்சரிக்கை: முதல் முறை நின்ற மட்டத்தைத் தாண்டி ஊற்றக்கூடாது. இதற்குள் வர்த்தி சுவரைவிட்டு ஒரு முடியளவு விலகியிருக்கும். அந்த இடுக்கில் சூடான மெழுகு வழிந்தால் வர்த்தியின் பக்கத்தில் தகடு தகடாக ஒட்டிக்கொண்டு, பிறகு அச்சையும் விடாது.

மூன்றாவது ஊற்று வேண்டாம் என்றதற்குக் காரணம், அலங்கார அச்சுகள் பெரும்பாலும் தலைகீழாக இருப்பவை. அச்சின் அடிப்பக்கம்தான் வர்த்தியின் தலை. ரோஜாவின் இதழோ நட்சத்திரத்தின் கூரோ அங்கேதான் செதுக்கப்பட்டிருக்கும். நாம் ஊற்றும் திறந்த வாய், வர்த்தியின் கால். பள்ளம் விழுவதும் காலில்தான். மிச்சமிருக்கும் சின்னக் குழிவை, லேசாகச் சூடேறிய பழைய தோசைக்கல்லில் காகிதம் விரித்து, வர்த்தியை நிறுத்தி ஒரு சுற்றுச் சுற்றினால் சமமாகிவிடும்.

சுருங்காவிட்டால் வெளியே வராது

இப்போது அந்த வேடிக்கைக்கு வரலாம். வர்த்தி சுவரைவிட்டு முடியளவு விலகியிருக்கும் என்றேனே, அந்த முடியளவுதான் அச்சு வார்ப்பின் உயிர். தகர அச்சைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டியதும் வர்த்தி வழுக்கிக்கொண்டு வருகிறது. தண்ணீர்போல விரியும் பொருளாக இருந்தால் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். அச்சை உடைத்துத்தான் எடுக்கவேண்டும்.

சுருங்கினால் மட்டும் போதாது, ஒட்டாமலும் இருக்கவேண்டும். தேன்மெழுகு அதில் தேறாது. அது பிசுபிசுப்பானது, உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாகத் தேவாலயங்களுக்குத் தேன்மெழுகு வர்த்தி செய்தவர்கள் அச்சைத் தவிர்த்து, தொங்கவிட்ட திரியின்மேல் கரண்டியால் மெழுகை ஊற்றி ஊற்றிப் பருக்கவைத்து, பலகையில் உருட்டினார்கள். ஏழைகளின் வீட்டில் எரிந்த ஆட்டு, மாட்டுக் கொழுப்பு வர்த்தியை அச்சில் வார்க்கலாம்; ஆனால் அது கொழகொழவென்று, புகைந்து நாறும்.

முடிச்சை அவிழ்த்தவர் மிஷேல் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 102 வயது வாழ்ந்த மனிதர். கொழுப்பு என்பது ஒற்றைப் பொருளல்ல, அதற்குள் கிளிசரினோடு சில அமிலங்கள் பிணைந்திருக்கின்றன என்று கண்டார். 1823-ல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். அந்த அமிலங்களில் கெட்டியானது ஸ்டியரிக் அமிலம்: நாற்றமில்லை, உருகுநிலை 69 பாகை, உறையும்போது நன்றாகச் சுருங்கும். 1825-ல் சக வேதியியலாளர் கே-லுசாக்கோடு சேர்ந்து அதில் வர்த்தி செய்யக் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்தில் ஜோசப் மார்கன் 1834-ல் கொண்டுவந்த இயந்திரம், அச்சில் உறைந்த வர்த்திகளை அடியிலிருந்து உந்துதண்டால் வரிசையாக வெளியே தள்ளியது. பாரஃபின் வந்தது அதற்கும் பிறகு. ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் யங் 1850-ல் நிலக்கரியிலிருந்து பிரித்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றபின்தான் மலிவான வெள்ளை மெழுகு பெருகியது.

ஸ்டியரிக் அமிலம் இன்றும் ஓய்வு பெறவில்லை. பாரஃபினோடு பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் வர்த்தி கெட்டியாகும், வெண்மை கூடும், அச்சிலிருந்து சுலபமாகக் கழலும். சித்திரை வெயிலில் தனிப் பாரஃபின் வர்த்தி நின்ற இடத்திலேயே தலை சாய்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மெழுகைத் தனியாக நம்பாதவர்கள் நம் பக்கமும் உண்டு: சுவாமிமலை ஸ்தபதிகள் சிலைக்கான மெழுகு உருவம் செய்யத் தேன்மெழுகோடு குங்கிலியத்தையும் கடலை எண்ணெயையும் கலக்கிறார்கள். விரலுக்கு வளைந்து கொடுக்கவும் வேண்டும், நகையின் நுணுக்கம் வெயிலில் மழுங்காமல் நிற்கவும் வேண்டும். தனி மெழுகால் இரண்டும் ஆகாது.

உருளைக்கும் சதுரத்துக்கும் சுருக்கம் உதவும். பூ, யானை, குழந்தை முகம் என்றால் உதவாது. மும்பை பாந்த்ராவின் மவுண்ட் மேரி கோயிலடியில் கை, கால், வீடு, குழந்தை உருவங்களில் மெழுகுக் காணிக்கை விற்பார்கள். அந்தக் குழந்தையின் தாடைக்குக் கீழே உள்வாங்கிய இடத்தில் அச்சின் ஒரு பகுதி நீட்டிக்கொண்டிருக்கும். முடியளவு சுருங்கினாலும் அதைத் தாண்டி உருவம் வெளியே வராது. ஒன்று, அச்சை இரண்டு பாதியாகச் செய்து கட்டவேண்டும். அல்லது அச்சே வளையவேண்டும். வீட்டில் சிலிக்கோன் அச்சு பிரபலமானது இந்த இரண்டாவது வழியால்தான். பழத்தோலை உரிப்பதுபோல் உரித்துவிடலாம்.

நடுவில் ஓட்டையுள்ள வளைய வடிவம் வார்ப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். வெளிச்சுவரைவிட்டு விலகும் அதே சுருக்கம், உள்ளேயிருக்கும் தண்டை நெரிக்கும். தண்டு மேலே போகப்போகக் குறுகியதாக, சரிவாக இல்லாவிட்டால் கழற்றவே முடியாது.

முகத்தில் தெரியும் அவசரம்

வர்த்தியின் வெளிப்புறத்தைப் பார்த்தே எப்படி வார்த்தார்கள் என்று சொல்லிவிடலாம். மட்டம் மட்டமாகப் படுக்கைக் கோடுகள் இருந்தால் மெழுகு ஆறிப்போய் ஊற்றப்பட்டிருக்கிறது. சுவரைத் தொட்ட இடத்திலேயே உறைந்து, அடுத்த அலை அதன்மேல் ஏறியிருக்கிறது. அச்சை வெதுவெதுப்பாக்கிக்கொண்டால் இது வராது. ஊசிக்குத்துபோலத் துளைகள் என்றால் வேகமாக ஊற்றிக் காற்றைச் சிறைப்பிடித்திருக்கிறார்கள். வெட்டு வெட்டாக விரிசல் என்றால் சந்தேகமே வேண்டாம், ஃபிரிட்ஜ். வெளி ஓடு சட்டென்று சுருங்க, உள்ளே இன்னும் சூடாகப் பருத்து நிற்கும் மெழுகு இடம் கொடுக்க மறுக்கிறது, ஓடு பிளக்கிறது.

மெதுவாகக் குளிர்ந்த வர்த்தியில் சில சமயம் பனிப்பூ விழுந்த மாதிரி வெள்ளைக் கோலம் தெரியும். வாசனைக்காகச் சேர்த்த எண்ணெயைப் படிகங்கள் வளர வளர ஒதுக்கித் தள்ளுவதால் வருவது. பலர் இதைக் குறை என்று நினைத்து மறுபடி உருக்குகிறார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். அதே கோலத்துக்காகவே எண்ணெயைக் கூட்டிப் போட்டு, அச்சைத் துணியால் போர்த்தி ஆறவைப்பவர்களும் இருக்கிறார்கள்.

அழகான வர்த்தி ஏன் அழுகிறது?

இத்தனை பாடுபட்டு வார்த்த பூ வர்த்தி, ஏற்றியதும் ஒரு பக்கம் வழிந்து அசிங்கமாகிவிடுகிறது. சாதாரண கட்டை வர்த்தி கடைசிவரை கண்ணியமாக எரிகிறது. விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1860-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கு மெழுகுவர்த்தியைப் பற்றித் தொடர்ந்து ஆறு உரைகள் நிகழ்த்தினார். முதல் உரையிலேயே தொட்டது இந்த விஷயத்தை.

சுடர் காற்றைச் சூடாக்கி மேலே அனுப்புகிறது. அந்த இடத்துக்குக் கீழிருந்து குளிர்ந்த காற்று வர்த்தியின் பக்கங்களைத் தடவிக்கொண்டு ஏறுகிறது. இதனால் ஓரம் குளிர்ந்து கெட்டியாகவே நிற்க, நடு மட்டும் உருகி ஒரு கிண்ணம் உருவாகிறது. உருகிய மெழுகு அந்தக் கிண்ணத்தில் தேங்கித் திரிக்குப் போகிறது. வர்த்தி நேரான வட்டமாக இருந்தால் காற்று எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஏறும். கிண்ணத்தின் விளிம்பும் ஒரே சீராக நிற்கும். வரிவரியாகப் பள்ளமும் மேடும் உள்ள அலங்கார வர்த்தியில் காற்று ஒழுங்காக ஏறுவதில்லை; மேடு ஒரு தூரத்தில், பள்ளம் ஒரு தூரத்தில். சுடருக்குக் கிட்டத்தில் இருக்கும் பள்ளம் முதலில் உருகிக் கிண்ணத்தில் வாய்க்கால் வெட்டுகிறது. தேங்கியது அத்தனையும் அந்த வழியே ஓடிவிடும். ஃபாரடே இதைச் சிறுவர்களிடம் சுட்டிக்காட்டி, பார்க்க அழகாக இருப்பதற்கும் வேலைக்கு நன்றாக இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்று விளக்கினார்.

அலங்காரம் வேண்டும், வழியவும் கூடாது என்றால் திரியில்தான் சமரசம் செய்யவேண்டும். வர்த்தியின் குறுகலான இடத்தைக் கணக்கிட்டு மெல்லிய திரி போட்டால் சின்னச் சுடர், சின்னக் கிண்ணம். செதுக்கிய ஓரம் அப்படியே கூடுபோல நின்று உள்ளிருந்து ஒளிரும். பூஜைக்கடைப் பஞ்சுத் திரி இதற்கு ஆகாது. உருகிய மெழுகில் நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்துவிடும். அகல்விளக்கில் அவ்வப்போது தூண்டிவிட நாம் இருக்கிறோம். வர்த்தியில் திரி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளவேண்டும். 1825-ல் காம்பசேரஸ் என்ற பிரெஞ்சுக்காரர் திரியைச் சடைபோலப் பின்னினார். பின்னல் திரி எரிய எரிய ஒரு பக்கம் வளைந்து, நுனி சுடரின் வெளியோரத்துக்குப் போகிறது. சுடரின் நடுவில் ஆக்ஸிஜன் இல்லை, வெளியோரத்தில் உண்டு. அங்கே நுனி சாம்பலாகி உதிர்ந்துவிடுகிறது. அதுவரை வர்த்தி ஏற்றியவர்கள் கத்தரிக்கோலும் கையுமாகக் கரி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

திரியைக் கெடுக்க வீட்டில் நாம் செய்யும் இன்னொரு காரியம், நிறத்துக்காகக் குழந்தைகளின் கிரேயானை உருக்கிப் போடுவது. மெழுகில் மெழுகுதானே கரையும் என்று நினைக்கிறோம். கிரேயானின் மெழுகு கரையும். அதிலுள்ள நிறம் கரையாத நுண்தூள். திரியின் இழைகளுக்கு இடையே உள்ள மயிரிழைச் சந்துகள் வழியேதான் உருகிய மெழுகு புவியீர்ப்பை மீறி மேலே ஏறுகிறது. நுண்புழை ஏற்றம் என்று பெயர். நிறத்தூள் அந்தச் சந்துகளில் போய் அடைத்துக்கொள்ளும். சுடர் சிறுத்து, புகைந்து, தன் கிண்ணத்து மெழுகிலேயே மூழ்கி அணையும். சமையல் கலர் போட்டால் அதுவும் பலிக்காது. தண்ணீரில் கரையும் சாயம் மெழுகின் அடியில் முத்து முத்தாக உருண்டு கிடக்கும். எண்ணெயில் கரையும் சாயம்தான் வேண்டும், அதுவும் அரிசியளவு. உருகிய மெழுகில் நிறம் எப்போதும் அடர்த்தியாகத் தெரிந்து ஏமாற்றும். ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டு, உறையவிட்டுப் பார்த்தபின் அடுத்த அரிசியளவைப் போடுங்கள்.